கண்டவர், காட்டுபவர், உடையவர்: இணையக் காணொளியும் பத்திரிகைத் தொழிலும் பற்றிய சில குறிப்புகள்

1

பத்திரிகைத் தொழில் பற்றி அண்மைக்காலத்தில் நிகழும் விவாதங்களில் இருவகைக் கூற்றுக்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. கைத்தொலைபேசியிற் கமராவும் இணையத் தொடர்பும் வந்துவிட்டமையால் ஒவ்வொரு குடிமகனும் செய்தியாளனாகிவிட்டான், செய்தி நிறுவனங்களின் ஏகபோகம் தகர்ந்துவிட்டது என மகிழ்வோர் ஒரு சாரார். வதந்தியும் வெறுப்பும் பெருகிவிட்டன, பயிற்சியும் பொறுப்பும் கொண்டிருந்த பழைய தொழில் அழிந்துபட்டது என இரங்குவோர் மற்றொரு சாரார். மேலோட்டமாக நோக்குமிடத்து இவ்விரு சாராரும் எதிரெதிர் முகாம்களில் நிற்பது போலத் தோன்றும். ஆயினும், வரலாற்றை நகர்த்துவது கருவியே என்ற எடுகோள் இருவர்க்கும் பொதுவானது. முன்னவர் கருவியைப் போற்றுகின்றனர்; பின்னவர் தூற்றுகின்றனர். அக்கருவியும் அதனூடு செல்லும் பாதையும் யாருடைய உடைமை, அங்கு நிகழும் உழைப்பு எவ்வாறு பங்கிடப்படுகின்றது, அதன் பயன் யாரைச் சேர்கின்றது என்னும் வினாக்களை இருவருமே எழுப்புவதில்லை.

இவ்வினாக்களை ஒரு குறிப்பிட்ட படைப்பின் வழியாக எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 2018 செப்டெம்பரில் பி.பி.சி.யின் 'ஆபிரிக்கா ஐ' பிரிவு வெளியிட்ட, 'ஒரு கொலையின் உடற்கூற்றியல்' எனப் பொருள்படும் தலைப்பையுடைய காணொளி அப்படைப்பு. கமரூனில் நிகழ்ந்த கொலை பற்றிய காணொளியில் இலக்கிய மாணவர்க்கு என்ன வேலை என்று கேட்கப்படலாம். அப்படைப்பு அடிப்படையில் ஒரு வாசிப்பு. ஆசிரியர் பெயரற்று, காலமும் இடமும் சிதைந்து கையிற் கிடைத்த ஒரு பனுவலை அது வாசிக்கின்றது. பனுவலை வாசித்து அதன் மூலத்தையும் காலத்தையும் நிறுவுவது எமது துறையின் பழைய பணி. ஆகவே இதனை மதிப்பிடும் உரிமையும் கடமையும் எமக்குண்டு.

2

கருவி மக்கள் கைக்கு வருதல் பற்றிய கனவு புதியதன்று. 1926 இல் ஜேர்மனியின் 'தொழிலாளர் படச் செய்தி இதழ்' தன் வாசகரை நோக்கி ஓர் அழைப்பு விடுத்தது. முதலாளித்துவப் பத்திரிகைகளின் புகைப்படங்களில் தொழிலாளரின் வாழ்க்கை காணப்படுவதில்லை. அதனைத் தொழிலாளரே படம்பிடித்து அனுப்ப வேண்டும் என்பது அவ்வழைப்பின் சாரம். தொழிலாளர் புகைப்பட இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. 1932 இல் பேர்டோல்ட் பிரெக்ட் வானொலி பற்றிக் கூறுகையில், அது ஒருவர் பேசப் பலர் கேட்கும் விநியோகக் கருவியாக மட்டும் இருப்பதைக் குறைகூறி, கேட்போரும் பேசத்தக்க தொடர்புக் கருவியாக அதனை மாற்ற வேண்டும் என வற்புறுத்தினார். 1934 இல் வால்டர் பெஞ்சமின், எழுதுவோனுக்கும் வாசிப்போனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பத்திரிகையிலே மங்கத் தொடங்குவதை அவதானித்தார். எனினும் அவர் அந்த அவதானிப்போடு நின்றுவிடவில்லை. மேற்கு ஐரோப்பியப் பத்திரிகை மூலதனத்துக்குச் சொந்தமானதாக இருக்கும்வரை அம்மாற்றம் தன் முழுப் பயனைத் தரமாட்டாது என்பதையும் சேர்த்தே கூறினார்.

பிரெக்ட் வேண்டிய தொடர்புக் கருவி இன்று கோடிக்கணக்கானோரின் சட்டைப்பையில் இருக்கின்றது. 2009 யூன் 20 ஆந் திகதி தெஹ்ரான் வீதியிற் சுடப்பட்டு இறந்த இளம்பெண்ணின் இறுதிக் கணங்களைப் பதிவுசெய்த காணொளிக்கு, ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜ் போல்க் பத்திரிகை விருது வழங்கப்பட்டது. பெற்றுக்கொள்வோரின் பெயர் தெரியாமலே அவ்விருது அளிக்கப்பட்டது. 2020 மே 25 ஆந் திகதி மினியாப்பொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபுளொயிட் கொல்லப்பட்டபோது, பொலிஸாரின் முதல் அறிக்கை அதனை மருத்துவ நிலையொன்றினால் ஏற்பட்ட மரணம் போன்றே வருணித்தது. அவ்வழியாற் சென்ற 17 வயது மாணவி ஒருத்தி எடுத்து முகநூலில் இட்ட காணொளியே அவ்வறிக்கையைப் பொய்ப்பித்தது. 2021 இல் அவருக்குப் புலிற்சர் சிறப்புப் பாராட்டு வழங்கப்பட்டது.

இவை பெருமைப்படத்தக்க நிகழ்வுகளே. ஆயினும் பெஞ்சமின் சுட்டிய நிபந்தனை இங்கு நிறைவேறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. உற்பத்திக் கருவியாகிய கமரா பலர் கைக்கு வந்துள்ளது. எடுத்த படம் பிறரைச் சென்றடையும் பாதையோ முன்னெப்போதையும் விடச் சிலர் கையிற் குவிந்துள்ளது. ஒரு நகரில் நான்கு பத்திரிகை முதலாளிகள் இருந்த காலத்தில் ஒருவர் மறுத்ததை மற்றொருவர் அச்சிட்டிருத்தல் கூடும். இன்று காணொளியின் பெரும் பாதைகளை இரண்டு மூன்று நிறுவனங்கள் உலகளாவிய அளவில் உடைமையாகக் கொண்டுள்ளன. உற்பத்தி பரவலாவதும் விநியோகம் குவிவதும் ஒரே இயக்கத்தின் இரு பக்கங்கள். இவ்வடிப்படை முரண்பாட்டை மனதிற்கொண்டே எடுத்துக்கொண்ட படைப்பை நோக்குதல் வேண்டும்.

3

2018 யூலையில் ஒரு காணொளி சமூக ஊடகங்களிற் பரவத் தொடங்கியது. படையினர் சிலர் இரு பெண்களையும் இரு சிறு பிள்ளைகளையும் ஒரு மண்பாதை வழியே நடத்திச் செல்கின்றனர்; கண்களைக் கட்டுகின்றனர்; சுட்டுக் கொல்கின்றனர். பதிவு செய்தவரும் படையினருள் ஒருவரே. இது கமரூன் நாட்டின் வட கோடியில், பொக்கோ ஹராம் இயக்கத்துக்கு எதிரான போர் நடைபெறும் பகுதியில் நிகழ்ந்தது எனச் சொல்லப்பட்டது. கமரூன் அரசாங்கம் அதனைப் பொய்ச் செய்தி என ஒதுக்கியது. படையினர் அணிந்துள்ள சீருடை அப்பகுதியிற் பயன்படுத்தப்படுவதன்று, கையிலுள்ள ஆயுதங்களும் அவ்வாறே என்பது அதன் வாதம். ஓகஸ்ட் மாதத்தில் ஏழு படையினர் கைதுசெய்யப்பட்டுள்ளதாக அதே அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் பி.பி.சி.யின் ஆய்வு வெளிவந்தது.

அவ்வாய்வு மூன்று வினாக்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பி விடை காண்கின்றது. எங்கே நிகழ்ந்தது? எப்போது நிகழ்ந்தது? பொறுப்பாளிகள் யாவர்? காணொளியின் தொடக்கத்தில், பின்னணியிற் சில கணங்கள் மட்டும் ஒரு மலைத்தொடரின் விளிம்பு தெரிகின்றது. அவ்விளிம்பின் ஏற்ற இறக்கங்களைச் செய்மதிப் படங்களிலிருந்து பெறப்பட்ட நிலத்தோற்றத்தோடு ஒப்பிட்டு, நைஜீரிய எல்லைக்கு அண்மையிலுள்ள செலெவெட் என்னும் ஊருக்கருகே அவ்விடத்தை ஆய்வாளர் நிறுவுகின்றனர். பின்னர் வெவ்வேறு ஆண்டுகளுக்குரிய செய்மதிப் படங்களை அடுக்கி, காணொளியிற் காணப்படும் கட்டடங்கள் எக்காலப் படங்களில் உள, எவற்றில் இல என்று பார்த்துக் கால எல்லையைக் குறுக்குகின்றனர். படையினர் நடக்கும் ஒற்றையடிப்பாதை வறண்ட மாதங்களில் மட்டுமே வெளித்தெரிவது. ஆகவே எல்லை மேலும் குறுகுகின்றது. இறுதியாக, நடந்து செல்லும் படையினரின் நிழல்களைச் சூரியக் கடிகாரத்தின் முள்ளெனக் கொண்டு கணித்து, 2015 மார்ச் 20 இற்கும் ஏப்ரல் 5 இற்கும் இடையில் இது நிகழ்ந்தது என முடிவு கூறுகின்றனர்.

மூன்றாம் வினாவிற் சமூக ஊடகம் வேறொரு முறையிற் பயன்படுகின்றது. அப்பகுதியிற் பணியாற்றிய படையினர் தம் முகநூற் பக்கங்களில் இட்டிருந்த புகைப்படங்களில், அரசாங்கம் இல்லையென மறுத்த அதே சீருடை காணப்படுகின்றது. காணொளியிற் காதில் விழும் பட்டப்பெயர்களும் முகங்களும் அத்தகைய பக்கங்களோடும், முன்னாட் படைவீரரின் சாட்சியத்தோடும், அரசாங்கமே வெளியிட்ட கைது விபரங்களோடும் ஒப்பிடப்படுகின்றன. கொலைஞர் தம் பெருமைக்காகப் பதிந்தவையே அவர்க்கு எதிரான சான்றுகளாயின. 2020 செப்டெம்பரில் யாவுந்தே நகரின் இராணுவ நீதிமன்றம் நால்வருக்குத் தலா 10 ஆண்டுச் சிறைத்தண்டனையும் மற்றொருவருக்கு 2 ஆண்டுச் சிறைத்தண்டனையும் விதித்து, இருவரை விடுதலை செய்தது.

ஆய்வு வெளியிடப்பட்ட முறையும் குறிப்பிடற்பாலது. அன்று டுவிட்டர் எனப்பட்ட தளத்திலே தொடர் குறிப்புகளாக, ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு சிறு காணொளித் துண்டோடு, வாதத்தின் ஒவ்வொரு படியும் வாசகர் கண்முன் வைக்கப்பட்டது. மன்னிப்புச் சபையின் ஆய்வாளர்களும், பெல்லிங்காற் குழுவினரும், இணையத்திற் சுயமாக இயங்கும் தனிப்பட்ட ஆய்வாளர் சிலரும் ஆய்வில் உடனுழைத்திருந்தனர்.

4

இப்படைப்பின் வலிமை யாது? செய்தியாளர் அங்கு சென்றதில்லை. எதனையும் கண்ணாற் காணவில்லை. கண்டவர் வேறொருவர், அதுவும் கொலைஞரின் கூட்டாளி. செய்தியாளரின் உழைப்பு முழுவதும் வாசிப்பு உழைப்பாகவே அமைகின்றது. எமது மரபில் இதற்கு ஒப்பான உழைப்பு ஒன்றுண்டு. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்த வேளையிலும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த வேளையிலும் அவர்கள் செய்தது இதுவே. செல்லரித்த ஏடுகள் பலவற்றை அருகருகே வைத்து, ஓர் எழுத்து ஓரேட்டில் இருப்பதையும் மற்றோரேட்டில் இல்லாமையையும் நோக்கி, பாடத்தையும் மூலத்தையும் துணிந்தனர். ஏடு தானாகப் பேசுவதில்லை. காணொளியும் தானாகப் பேசுவதில்லை. பதிப்பாசிரியர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் வைத்துத் தம் முடிபை வாசகர் சோதிக்க விடுவது போல, இவ்வாய்வாளரும் தம் சான்றுகளை வெளிப்படையாக அடுக்குகின்றனர். 'நம்பகமான வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்னும் பத்திரிகை வழக்குக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. அதிகாரத்தின் பெயரால் நம்பச் சொல்லாது, சான்றின் பெயரால் நம்பச் சொல்வது இம்முறை. அவ்வகையில் இது ஒரு சனநாயகப் பண்புடைய வடிவம் எனக் கூறத் தயங்கவேண்டியதில்லை.

இத்தகைய படைப்பு பிரித்தானிய அரசின் நிதியால் விரிவாக்கப்பட்ட உலக சேவையிலிருந்து வந்தமையைக் காரணங்காட்டி, அதனை ஏகாதிபத்தியப் பிரசாரம் என ஒரு சொல்லில் தள்ளிவிடுவோர் எம் அணியில் உள்ளனர். அது சோம்பல், மார்க்சியமாகாது. ஒரு நிறுவனத்தின் வர்க்கச் சார்பு அதன் ஒவ்வொரு வாக்கியத்தையும் பொய்யாக்கிவிடுவதில்லை. பல்சாக்கின் அரசியற் சார்பை மீறி அவரது யதார்த்தம் உண்மை உரைத்ததை எங்கெல்ஸ் எடுத்துக் காட்டியமை இலக்கிய மாணவர் யாவரும் அறிந்ததே. அக்கொலை நிகழ்ந்தது, அதனை மறுத்த அரசாங்கம் பொய்யுரைத்தது, அப்பொய் தோலுரிக்கப்பட்டது. இதனை ஏற்றுக்கொண்ட பின்னரே படைப்பின் எல்லைகளைப் பேசும் தகுதி எமக்கு உண்டாகும்.

எல்லைகளும் உள. அப்படைப்பின் மூன்று வினாக்களும் நீதிமன்றத்தின் வினாக்கள். இடம், காலம், குற்றவாளி என்பன நிறுவப்பட்டதும் வாதம் முடிவடைகின்றது. கொல்லப்பட்டவர் யாவர் என்பது அவ்வரிசையில் ஒரு தனி வினாவாக இடம்பெறவில்லை. சுட்டவரின் பெயர், பதவி, முகம் யாவும் துலங்குகின்றன. சுடப்பட்ட தாயரும் பிள்ளைகளும் சான்றுப் பொருள்களாகவே எஞ்சுகின்றனர். இது ஆய்வாளரின் இரக்கமின்மையால் நேர்ந்ததன்று. பெருமைக்காகத் தம்மைப் பதிவுசெய்யும் வசதி ஆயுதம் தாங்கியோர்க்கு இருந்தது. அவர்களுக்கு முகநூற் பக்கம் இருந்தது. எல்லைப்புற ஊரொன்றில் வாழ்ந்த வறிய பெண்களுக்கு அத்தகைய தடயம் எதுவும் இருக்கவில்லை. இணையத்தில் தடயம் உள்ளவரையே இணைய வாசிப்பு கண்டுபிடிக்கும். சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு சான்றுகளின் ஏற்றத்தாழ்வாகவும் அமைந்துவிடுகின்றது.

அதே போன்று 'ஏன்' என்னும் வினாவும் மலைவிளிம்பிலும் நிழலிலும் விடை காணத்தக்கதன்று. அப்படைகளுக்கு ஆயுதமும் பயிற்சியும் எங்கிருந்து வந்தன? அவ்வடகோடி ஏன் அத்துணை வறுமையில் உழல்கின்றது? 2019 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா கமரூனுக்கான இராணுவ உதவியில் ஒரு பகுதியை நிறுத்தியபோதுதான், அதுவரை அவ்வுதவி வழங்கப்பட்டு வந்தமையைப் பலர் உணர்ந்தனர். தனி நிகழ்வொன்றை நுணுகி நிறுவும் இவ்வடிவம் கொலைஞனைக் காட்டும். கொலைக்குரிய அமைப்பைக் காட்ட அதற்கு வேறு துணை வேண்டும். நுண்விபரங்களின் குவியல் யதார்த்தமாகாது, அவ்விபரங்களை இணைக்கும் சமூக முழுமையைக் காண்பதே யதார்த்தம் என லூக்காச் நாவலைக் குறித்துக் கூறியது இங்கும் பொருந்தும்.

5

இனி, பாதைக்குச் சொந்தக்காரரை நோக்குவோம். யாழ்ப்பாணத்து விவசாயி குத்தகைக் காணியை நன்கறிவான். விதையும் உழைப்பும் அவனுடையவை. காணி மட்டும் மற்றவனுடையது. விளைச்சல் எவ்வாறாயினும் குத்தகை செலுத்தப்பட வேண்டும். காணிக்காரன் நினைத்தால் அடுத்த போகத்துக்குக் காணி இல்லை. சமூக ஊடகத் தளங்களில் செய்தி நிறுவனங்களின் நிலையை விளக்க இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

2016 இல் முகநூல் நிறுவனம் நேரலைக் காணொளியைப் பரப்பும் பொருட்டு, ஏறத்தாழ 140 ஊடக நிறுவனங்களோடும் பிரபலங்களோடும் 5 கோடி டொலருக்கு மேற்பட்ட பெறுமதியான ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. வருங்காலம் காணொளிக்கே உரியது என்னும் நம்பிக்கை பரப்பப்பட்டது. அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் பல, எழுத்துவழிச் செய்தியாளரை நீக்கிக் காணொளி தயாரிப்போரை அமர்த்தின. அதே ஆண்டு செப்டெம்பரில், காணொளியொன்றைப் பார்வையாளர் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கின்றனர் என்னும் கணக்கை இரண்டு ஆண்டுகளாக மிகைப்படுத்திக் காட்டிவந்ததை முகநூல் ஒப்புக்கொண்டது. மிகை 60 முதல் 80 சதவீதம் வரை இருந்திருக்கலாம் என்பது விளம்பர நிறுவனமொன்றுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. 2019 இல் இது தொடர்பாக விளம்பரதாரர் தொடுத்த வழக்கு 4 கோடி டொலர் கொடுப்பனவோடு தீர்க்கப்பட்டது. விளம்பரதாரர்க்கு இழப்பீடு கிடைத்தது. அக்கணக்கையும் நம்பி வகுக்கப்பட்ட கொள்கையால் வேலையிழந்த செய்தியாளர்க்கு எதுவும் கிடைக்கவில்லை. 2018 ஜனவரியில் செய்திகளைக் காட்டிலும் நண்பர், உறவினர் இடுகைகளுக்கே முதன்மை அளிக்கப்படும் என முகநூல் அறிவித்தது. காணிக்காரன் பயிரை மாற்றச் சொன்னான். பின்னர் நீரையும் மறித்தான்.

இத்தளங்களை ஆராய்வதற்குச் செய்தியாளர் பயன்படுத்திய கருவிகளும் அவ்வாறே. முகநூலில் எச்செய்தி எவ்வளவு பரவுகின்றது என்பதைக் காட்டிய 'கிறவுட்ராங்கிள்' என்னும் கருவி 2024 ஓகஸ்டில் மூடப்பட்டது. டுவிட்டர் கைமாறிய பின்னர், அதன் தரவுகளை ஆய்வாளர் இலவசமாகப் பெறும் வழி 2023 இல் அடைக்கப்பட்டது. உடைமையாளரைக் கண்காணிக்கும் கருவி உடைமையாளரின் கருணையில் தங்கியிருக்கும் நிலை இதுவாகும்.

6

உடைமையின் விளைவு வருமானத்தோடு நின்றுவிடுவதில்லை, நினைவையும் தொடுகின்றது. 2011 இற்குப் பின் சிரியாவின் உள்ளூர்ச் செய்தியாளரும் செயற்பாட்டாளரும் குண்டுவீச்சுகளையும் கொலைகளையும் உயிரைப் பணயம் வைத்துப் பதிந்து யூடியூப்பில் இட்டனர். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் தம் நிருபரை அனுப்ப அஞ்சிய காலத்தில் அப்பதிவுகளையே பயன்படுத்தின. 2017 ஓகஸ்டில், தீவிரவாதப் பிரசாரங்களை நீக்குவதற்கெனப் புகுத்தப்பட்ட இயந்திர முறையினால் அத்தகைய காணொளிகள் ஆயிரக்கணக்கில் மறைந்தன. சில மீட்கப்பட்டன, எல்லாம் மீளவில்லை. அதே மாதம் 15 ஆந் திகதி சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், லிபியப் படைத்தலைவர் மஹ்மூத் அல்-வெர்ஃபல்லிக்கு எதிராகப் பிடியாணை பிறப்பித்தது. அதற்கு ஆதாரமாக அமைந்தவற்றுட் பெரும்பகுதி சமூக ஊடகங்களில் வெளியான காணொளிகளே. ஒரே மாதத்தில் ஒரு கை காணொளியைச் சான்றாக ஏற்கின்றது. மற்றொரு கை காணொளியைக் குப்பையாக அகற்றுகின்றது. முன்னையது ஒரு பொது நிறுவனத்தின் கை. பின்னையது ஒரு வணிக நிறுவனத்தின் கை. செய்தியாளரின் ஆவணக் காப்பகம் இன்று பின்னைய கையிலேயே உள்ளது.

7

எமது நாட்டின் அனுபவம் இம்முரண்பாடுகள் யாவற்றையும் ஒருங்கே காட்டுகின்றது. 2009 இல் வன்னிப் போரின் இறுதிக் கட்டத்திற் சுதந்திரச் செய்தியாளர் போர்க்களத்துக்கு அனுமதிக்கப்படவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில், நாடுகடந்து வாழ்ந்த இலங்கைச் செய்தியாளர் அமைப்பொன்றிடமிருந்து கிடைத்த கைத்தொலைபேசிக் காணொளியைப் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பியது. கட்டப்பட்ட கைதிகள் சுடப்படுவதை அது காட்டியது. இலங்கை அரசாங்கம் அது புனையப்பட்டது என்றது. 2010 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், தாம் நியமித்த நிபுணரின் ஆய்வுகள் அதன் உண்மைத்தன்மையையே சுட்டுகின்றன எனக் கூறினார். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011 இல் இது பற்றிச் சுயாதீன விசாரணை வேண்டுமென விதந்துரைத்தது. கமரூன் காணொளி வெளிவந்த பின்னர் வழக்குத் தொடங்கியது. இங்கோ வாசிப்பு முடிந்தது, வழக்குத் தொடங்கவில்லை. வாசிப்பின் வெற்றி, அரசியல் வலுச்சமநிலை இடமளிக்கும் தூரம்வரையே செல்லும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

2018 மார்ச் முதல் வாரத்தில், இப்பல்கலைக்கழகத்திலிருந்து தொலைவில் இல்லாத திகனையில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கூட்டத்தைத் திரட்டிய காணொளிகள் முகநூல் வழியே பரவின. சிங்கள மொழியிலான வெறுப்புரையைக் கண்டறியப் போதிய ஆளணியை அந்நிறுவனம் வைத்திருக்கவில்லை. 2020 மே மாதத்திலேயே அது மன்னிப்புக் கேட்டது. அதே வேளையில், கடைகளின் கண்காணிப்புக் கமராக்களிற் பதிவானவற்றைப் பார்வையிட்ட ரொய்ட்டர் செய்தியாளர், பொலிஸாரும் அரசியல்வாதிகளும் வன்செயலிற் பங்குகொண்டனர் என்ற குற்றச்சாட்டுகளை வெளிக்கொணர்ந்தனர். தீயை மூட்டியதும் காணொளி. மூட்டியவரைக் காட்டியதும் காணொளி. அரசு கண்ட மருந்து, ஏறத்தாழ ஒரு வாரம் சமூக ஊடகங்களை முடக்குவதாக இருந்தது. 2019 ஏப்ரல் 21 ஆந் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆந் திகதி மக்கள் எழுச்சியின் தொடக்கத்திலும் அதே மருந்து மீண்டும் கொடுக்கப்பட்டது. வெறுப்பைத் தடுக்கவெனப் பழக்கப்படுத்தப்பட்ட கை, மிரிஹானை வீதியிலிருந்து நேரலையாகப் பரவிய எதிர்ப்புக் குரலை அடக்கவும் நீண்டது. 2024 இன் நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டம் அக்கைக்கு நிரந்தர வலிமை தருவது. பன்னாட்டு நிறுவனத்தின் அலட்சியத்துக்கும் உள்நாட்டு அரசின் அடக்குமுறைக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்யுமாறு எமக்குக் கூறப்படுகின்றது. அது பொய்யான தெரிவு.

இன்னொன்றையும் இங்கு நினைவுகூர வேண்டும். 2000 ஒக்டோபர் 19 ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிற் கொல்லப்பட்ட மயில்வாகனம் நிமலராஜன் பி.பி.சி.க்கும் கொழும்புப் பத்திரிகைகளுக்கும் செய்தி அனுப்பிய உள்ளூர் நிருபர். ஆபத்து உள்ளூரில், ஆசிரியபீடம் வெளியூரில் என்னும் வேலைப்பிரிவினை அன்றே இருந்தது. ஆயினும் அவருக்குப் பெயர் இருந்தது. குறைந்தளவாயினும் ஊதியம் இருந்தது. இன்று கமராவோடு வீதியில் நிற்பவர் அதே ஆபத்தைச் சுமக்கின்றார். பெயரும் ஊதியமும் இல்லை. அவரது பதிவு செய்தி நிறுவனத்துக்கு இலவச மூலப்பொருள். தள நிறுவனத்துக்கு விளம்பரம் ஒட்டும் சுவர். குடிமக்கள் செய்தியாளர் என்னும் அழகிய பெயர் இவ்வூதியமற்ற உழைப்பை மறைக்கும் திரையாகவும் பயன்படுகின்றது.

8

இதுகாறும் கூறியவற்றாற் சில முடிபுகள் பெறப்படும். இணையக் காணொளியினாற் பத்திரிகைத் தொழில் அழிந்துபடவில்லை. அதன் மையம் காண்பதிலிருந்து வாசிப்பதற்கு நகர்ந்துள்ளது. அவ்வாசிப்பு அரசுகளின் பொய்யைத் தகர்க்கும் ஆற்றல் வாய்ந்தது. எனினும், கண்டவரின் உழைப்பு மதிக்கப்படாத வரையிலும், காட்டப்படும் பாதையும் காப்பகமும் தனியுடைமையாக உள்ள வரையிலும், அவ்வாற்றல் கடன்பட்ட ஆற்றலாகவே இருக்கும்.

இவற்றுட் பெரும்பகுதி கட்டுரையால் தீர்வதன்று, போராட்டத்தால் தீர்வது. ஆனாற் பல்கலைக்கழகம் உடனே செய்யத்தக்கவை இரண்டுண்டு. மூலபாடத் திறனாய்வைப் பழைய ஏடுகளோடு நிறுத்திவிடாது, நிழற்படத்தையும் காணொளியையும் அதே கண்டிப்போடு வாசிக்க எமது மாணவரைப் பயிற்றுதல் ஒன்று. இந்நாட்டு மக்கள் பதிந்தவற்றைத் தள நிறுவனங்களின் தயவில் விடாது, பொது உடைமையான காப்பகத்திற் சேர்த்து வைத்தல் மற்றொன்று. 2005 இற் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து அச்சு நூல்களை எண்ணிம வடிவிற் சேமித்து, பெருமூலதனமின்றியும் இது இயலும் என்பதைக் காட்டியுள்ளது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது புகை தெரிந்தது; ஊர் திரண்டது; எரித்தவர் யாரென்று கேட்கப்பட்டது. ஒரு வணிக நிறுவனத்தின் இயந்திரம் ஒரு மக்களின் சாட்சியங்களை அழிக்கும்போது புகை எழுவதில்லை. அங்கு என்ன இருந்தது என்பதே மறந்துபோகும். அதனை மறவாதிருக்கச் செய்வது, ஏடு தேடி அலைந்தோரின் வழிவந்த எமக்குப் புதிய கடமையன்று.